பொட்டு வைத்த ஸ்விட்ச்

அலமாரிக் கதவைத் திறந்ததும் முதலில் வாடை வந்தது. அடுத்து எறும்பு வந்தது.

அனுசியா கையை உதறிக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள். சுவரில் அடித்திருந்த இரும்பு அலமாரி அது. உள்ளே இருந்தது ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச். விளக்கைப் போட்டு அணைக்கிற சுவிட்ச் இல்லை. கம்பெனியில் இருக்கிற கம்ப்யூட்டர், பிரின்டர், எந்திரம் எல்லாவற்றின் ஒயரும் வந்து சேருகிற தட்டையான பெட்டி. அது உயிரோடு இருந்தால்தான் மற்றவை ஒன்றோடொன்று பேசும்.

இப்போது அதன் நெற்றியில் மூன்று விரல் அகலத்துக்குச் சந்தனம். சந்தனத்தின் மேல் குங்குமம். தலைமேல் வாழையிலைத் துண்டில் பொரி, கடலை, உடைத்த வெல்லம், ஒரு பழம். புழுக்கத்தில் வெல்லம் உருகிக் காற்றுத் துவாரம் வழியாக உள்ளே இறங்கியிருந்தது. பழம் கறுத்து நீர் விட்டிருந்தது. அந்த நீரில் ஒரு கரப்பான்பூச்சி மல்லாந்து கிடந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே பஞ்சுத்தூசி, கம்பளி போர்த்தியது போல.

“இது என்ன அண்ணாச்சி?”

“ஆயுத பூஜைம்மா” என்றார் மேனேஜர் ராக்கப்பன், பெருமையாக. “ஒங்க பெட்டிய மட்டும் விட்டுறக் கூடாதேன்னு நானே எங் கையால பொட்டு வச்சேன்.”

காலையில் மம்சாபுரம் வீட்டில் சாப்பிட்ட இட்லி அனுசியாவின் தொண்டை வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் வேதமணி என்பவர் நடத்தும் நெட்வொர்க் கடையில் அவளுக்கு வேலை. ராஜபாளையத்தில் காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி தயாரிக்கிற இந்தக் கம்பெனி, அந்தக் கடையின் பெரிய வாடிக்கை. துணியைப் பொதியாகக் கட்டி, ஆட்டோகிளேவ் என்கிற பெரிய நீராவி எந்திரத்தில் வேகவைத்து, கிருமி நீக்கி, கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றுக்கு அனுப்புகிறார்கள். அவர்கள்தான் ஆஸ்பத்திரிகளுக்கு விற்கிறவர்கள். அவர்கள் போன மாதம் ஒரு நிபந்தனை போட்டார்கள். ஒவ்வொரு பொதியும் எவ்வளவு சூட்டில் எவ்வளவு நேரம் வெந்தது என்ற விவரம் எந்திரத்திலிருந்து நேரே எங்களுக்கு வந்துவிட வேண்டும். நடுவில் யார் கையும் படக்கூடாது. அதற்கு ஸ்விட்சின் பழைய சாப்ட்வேர் ஒத்துவராது. புதியது ஏற்ற வேண்டும்.

ஆலை ஓடாத நாளில்தான் ஸ்விட்சை நிறுத்த முடியும். ஆயுத பூஜையை விட்டால் அப்படியொரு நாள் கிடையாது. முந்தாநாள் பூஜையன்று அனுசியா வீட்டிலிருந்தபடியே மடிக்கணினி வழியாகக் கடைக் கம்ப்யூட்டரில் இருந்த புது சாப்ட்வேரை அனுப்பினாள். ஸ்விட்சின் நினைவகம் சின்னது. பழையதை அழித்தால்தான் புதியதுக்கு இடம். நடுவில் கரண்ட் போனால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை என்று ஆகிவிடும். அதனால்தான் ராக்கப்பனுக்குத் திரும்பத் திரும்பப் போன் போட்டு, “எல்லாத்தையும் நிப்பாட்டுங்க. ஸ்விட்சையும் யுபிஎஸ்ஸையும் மட்டும் தொடாதீங்க” என்று படித்துப் படித்துச் சொன்னாள். “சரிம்மா, சரிம்மா” என்றார். பாதி ஏறியிருந்தபோது மறுமுனை செத்துப்போனது.

“மெயினை அமத்துனது யாரு?”

“நாந்தான்.”

“நான் சொன்னேன்ல?”

“சொன்ன. இல்லேங்கல. ஆனா கற்பூரம் காட்டையில அம்புட்டு மெஷினும் கண்ண மூடிக் கெடக்கு, இது ஒண்ணு மட்டும் பச்சை பச்சையா கண்ணச் சிமிட்டுது. பூஜையில வச்ச ஆயுதம் மறுநாளு மறுபூஜைக்கு முந்தி ஓடலாமா? ஒங்க வீட்ல பொஸ்தகத்த சாமிக்கு முன்னால வச்சுட்டு நடுவுல எடுத்துப் படிப்பீகளா?”

“யுபிஎஸ்?”

“அதையும்தான் அமத்துனேன். அதுக்கும் பொட்டு வச்சிருக்கு. பாக்கல?”

அவளுக்குத் தெரியாத வழக்கமா? அவள் வீட்டிலும் அரிவாள், மண்வெட்டி, தையல் மெஷின் எல்லாம் வரிசையாகப் பொட்டோடு உட்கார்ந்திருந்தன. மடிக்கணினிக்கும் பொட்டு வைக்க வந்த அம்மாவை, “அதுல வேல ஓடுது, போம்மா” என்று விரட்டியவள் அவள். தன் வீட்டில் விரட்டத் தெரிந்தவளுக்கு, ஒரு ஆளை இங்கே காவல் வைக்கத் தோன்றவில்லை.

ராக்கப்பனோ அதற்குள் வேதமணிக்குப் போன் போட்டு, “ஒங்க பிள்ள சாப்ட்வேர் போடுதேன்னு பெட்டியக் கொன்னுபுட்டா” என்று சொல்லிவிட்டிருந்தார்.

“அஞ்சு மணிக்கு லாரி வருது” என்றார் இப்போது. “லேபிள் பிரின்டர் ஓடணும். லேபிள் இல்லாம பொதி வெளிய போகாது. என்னமும் பண்ணு, தாயி.”

“ஸ்பிரிட்டும் துணியும் குடுங்க.”

அந்தக் கம்பெனியில் கேட்டவுடன் கிடைத்தது அவை இரண்டும்தான்.

மூக்கில் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு வேலையில் இறங்கினாள். இலையோடு பொரியை வழித்துக் குப்பையில் போட்டாள். கரப்பான் குப்பைக்குள் போவதற்கு முன் அவள் மணிக்கட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் போனது. வெல்லப் பிசுக்கில் ஒட்டியிருந்த பல்லிப் புழுக்கையை ஊக்கால் நிமிண்டி எடுத்தாள். ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கித் துடைத்து, எது எந்தத் துளைக்கு என்று பெயர் எழுதி வைத்தாள். மடிக்கணினியை நேரே சொருகிப் பேசுவதற்கென்று ஸ்விட்சில் ஒரு தனித் துளை உண்டு. அந்தத் துளை நிறையச் சந்தனம். ராக்கப்பனின் பக்தியில் குறை சொல்ல முடியாது. விரலை விட்டு அழுத்தியிருக்கிறார்.

தோண்டி எடுத்துச் சொருகினால், திரையில் ஒன்றும் வரவில்லை. மறுபடி துடைத்துச் சொருகினாள். இப்போது கோழி கிளறிய மாதிரி தாறுமாறான எழுத்துகள் வந்தன. மடிக்கணினி அதோடு பேசுகிற வேகத்தை மாற்றி வைத்தாள். எழுத்துகள் ஒழுங்குக்கு வந்தன. ‘இயக்க மென்பொருள் இல்லை’ என்று ஸ்விட்ச் கைவிரித்தது. உள்ளே பாதி ஏறிய கோப்பு ஒன்று அரைகுறைப் பிரசவமாகக் கிடந்தது. அதை அழித்து இடம் பண்ணி, பென்டிரைவில் கொண்டுவந்திருந்த முழுக் கோப்பை ஏற்றினாள். ஏறியது. கடைசிப் படியில் ‘இது என்னுடையது அல்ல’ என்று துப்பிவிட்டது.

அனுசியா ஸ்விட்சைத் தூக்கித் திருப்பினாள். அடியில் ஒட்டியிருந்த சீட்டிலும் குங்குமம். சுரண்டிப் படித்தாள். வேதமணி கடையில் இருக்கிற ஸ்விட்சும் இதுவும் ஒரே தயாரிப்பு, ஒரே முகம், ஒரே பெயர். கடைசி எழுத்து மட்டும் வேறு. காலையில் அவசரத்தில் கடை ஸ்விட்சுக்கான கோப்பைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். இந்தத் தப்பில் ராக்கப்பனுக்குப் பங்கு இல்லை. அதை நினைக்கத்தான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

சரியான கோப்பு கடைக் கம்ப்யூட்டரில் கிடந்தது, செல்போனில்தான் இறக்க வேண்டும். தகரக் கூரைக்குக் கீழே சிக்னல் ஒரு கோடு வருவதும் போவதுமாக இருந்தது. வெளியே போகலாம் என்று பேக்கிங் கூடம் வழியாக நடந்தாள்.

கூடத்தில் ஐந்தாறு பெண்கள் தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பொதிகள் மலை மாதிரி. ஒவ்வொருத்தி கையிலும் ஒரு கறுப்பு மார்க்கர் பேனா. பொதியை மடியில் வைத்து, அதன் வாயில் ஒட்டியிருந்த வெள்ளை டேப்பின் மேல் சாய்சாய்வாகக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்திக்குச் சளி. புறங்கையால் மூக்கைத் துடைத்துவிட்டு அதே கையால் அடுத்த பொதியை இழுத்தாள். இன்னொருத்தி கோட்டுக்கு ஒரு கடி முறுக்கு தின்றுகொண்டிருந்தாள்.

“என்னக்கா பண்ணுதீக?”

“பாத்தா தெரியலியா? கோலம் போடுதோம்” என்றாள் மூத்தவள். வெள்ளைத்தாய் என்று பெயர், வன்னியம்பட்டியிலிருந்து வருகிறவள். மற்றவர்கள் சிரித்தார்கள். “கை ஓயுது. வாரீகளா மேடம், ஒரு பொதிக்குப் போட்டுட்டுப் போறது?”

அனுசியா சிரிக்கவில்லை. அந்த டேப் என்னவென்று அவளுக்குத் தெரியும். ஆட்டோகிளேவின் சூடும் ஆவியும் சரியாகப் பட்டால் வெள்ளை டேப்பில் கறுப்புக் கோடு தானாக விழும். கோடு இருந்தால் பொதி வெந்தது என்று அர்த்தம். ஆபரேஷன் செய்கிறவர்கள் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டுத்தான் பொதியைப் பிரிப்பார்கள்.

“அது ஆவியில தானா விழுகுற கோடுல்லக்கா?”

“விழல” என்றாள் வெள்ளைத்தாய், பேனாவை நிறுத்தாமல். “நேத்து மறுபூஜை முடிஞ்சு பாய்லர் சூடேறுததுக்குள்ள பொதிய உள்ள தள்ளிட்டாவ. சரக்கு கட்டணும்னு பாதியில கதவத் தொறந்துட்டாவ. டேப்பு வெள்ள வெளேர்னு கெடக்கு. மறுபடியும் வேகவச்சா லாரிக்கு நேரமாயிரும்னு மேனேஜரு பேனா வாங்கிக் குடுத்துருக்காரு.”

“புண்ணுல வைக்கிற துணிக்கா.”

“அது எங்களுக்குத் தெரியாதாக்கும்? நீதான் படிச்ச பிள்ள, போயி அவருட்ட சொல்லு. நாங்க சொன்னா நாளைக்கு கேட்டுக்கு வெளிய நிக்கணும். ஏட்டி தங்கபாய், கோடு கோணுது பாரு. எந்திரம் போட்ட மாதிரி போடு.”

சளிக்காரிதான் தங்கபாய். மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடுத்த கோட்டை நேராகப் போட்டாள்.

அனுசியா வெளியே போய், சைக்கிள் நிறுத்துகிற கொட்டகையின் ஓரத்தில் நின்றுகொண்டாள். கோப்பு இறங்குகிற வரைக்கும் வாயைத் திறந்து மூச்சு விட்டாள். அழுகின பழமும் கரப்பானும்கூடப் பரவாயில்லை போலிருந்தது. அது வெறும் அழுக்கு. கழுவினால் போகும்.

அவள் திரும்பி வந்தபோது ராக்கப்பன் அலமாரி அருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வாயில் வெற்றிலை.

“எம்புட்டு நேரமாகும்மா?”

“இப்ப ஏறிரும்.”

“நல்லது. ஒண்ணு மட்டும் செய்யி.” குனிந்து குரலைத் தணித்தார். “எல்லா ஒயரையும் மாட்டிரு. இந்தா, இந்த நீல ஒயர் மட்டும் வேண்டாம்.”

அவள் எழுதி ஒட்டிய சீட்டு அதில் இருந்தது. ஆட்டோகிளேவ்.

“ஏன் அண்ணாச்சி?”

“அது நேத்து ஓட்டுனத எல்லாம் உள்ள சேத்து வச்சிருக்கும். லைன் கெடச்ச ஒடனே கோயம்புத்தூருக்குத் தூக்கி விட்டுரும். ஒயர் இல்லேன்னா, லைன் கோளாறுன்னு சொல்லி நாமளே கையால சூடு, நேரம் எல்லாம் போட்டு லேபிள் அடிச்சுக்கிடலாம். லாரி போயிரட்டும். பொறவு நீ நாளைக்கு வந்து மாட்டு.”

“பேனா வாங்கிக் குடுத்தது போதாதா?”

அவர் கொஞ்சம்கூடத் திடுக்கிடவில்லை.

“பாத்துட்டியா? பாத்தா பாத்துட்டுப் போ. நம்ம துணி சுத்தமான துணிம்மா. வெளுத்து, கழுவி, காயப்போட்டு, கண்ணுல ஒத்திக்கலாம். ஒரு நாள் ஆவி கொறஞ்சா எவனாச்சும் செத்தா போவான்?” கீழே கிடந்த வெள்ளைத் துணித்துண்டை எடுத்து வாயோரத்து வெற்றிலைச் சாற்றை ஒற்றினார். சிவந்த துணியை மடித்து, பக்கத்திலிருந்த புதுத்துணிக் கட்டின் மேலேயே வைத்தார்.

அனுசியா வேதமணிக்குப் போன் போட்டாள். நடந்ததைச் சொன்னாள். மறுமுனையில் கடை இரைச்சல்.

“ஏம்மா, நாம யாரு? ஒயர் மாட்டுற ஆளுக. துணி வெந்துச்சா வேகலையான்னு பாக்குறது நம்ம ஜோலியா?”

“அண்ணாச்சி, பேனாவால கோடு போட்டுட்டு இருக்காவ.”

“போடட்டும். அவிய சொன்னதச் செஞ்சுட்டு வந்துரு. ஏற்கனவே நீதான் பெட்டியக் கெடுத்தன்னு சொல்லிட்டு இருக்காவ. இதுலயும் மல்லுக்கு நின்னன்னா, நாளைக்குக் கடைக்கு வரவேண்டாம். நான் ஒனக்காக ஜெபம்தான் பண்ண முடியும்.”

போனை வைத்துவிட்டார்.

சரியான கோப்பைப் பென்டிரைவில் மாற்றி ஏற்றினாள். திரையில் சின்னச் சின்னப் புள்ளிகள் வரிசையாக ஊர்ந்தன. இந்தமுறை ஸ்விட்ச் துப்பவில்லை. விசிறி ஒரு கனைப்புக் கனைத்து, உள்ளே மிச்சமிருந்த பொரியைத் தூக்கி வெளியே எறிந்தது. விளக்குகள் மஞ்சளாகி, பச்சையாகின. ஒவ்வொரு ஒயராக மாட்டினாள். லேபிள் பிரின்டர் தூரத்தில் ஒரு வெற்றுத்தாளைத் துப்பித் தன் இருப்பைச் சொன்னது.

“பிரமாதம்!” என்றார் ராக்கப்பன். “போதும், போதும். எந்திரி. ஒரு காப்பி சாப்பிடு.”

அவள் கையில் நீல ஒயர் மட்டும் மிஞ்சியிருந்தது. அதன் மண்டையில் இன்னும் வெல்லப் பிசுக்கு. மாட்டாமல் போனால் யாருக்குத் தெரியும்? லைன் கோளாறு. பூஜைக் கோளாறு. கேட்டால் சொல்ல நூறு காரணம் இருக்கிறது, வேலையும் நிலைக்கும். அந்தக் கணக்கு அவள் மனசில் கடகடவென்று ஓடி முடிந்தது. இவ்வளவு சுலபமாக ஓடுகிறதே என்று தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. ராக்கப்பனும் முதல் தடவை இப்படித்தான் கணக்குப் போட்டிருப்பார்.

ஒயரின் மண்டையை ஸ்பிரிட்டில் துடைத்தாள். துளைக்குள் அழுத்தினாள். டக்கென்று உட்கார்ந்தது.

“ஏ ஏ ஏ! என்ன பண்ணுத?”

ராக்கப்பன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தார். அவசரத்தில் ஒரு கையைக் குப்பைத் தொட்டியில் ஊன்றிவிட்டார். அழுகின பழத்துக்குள் விரல்கள் முழுசாக இறங்கின. “ச்சீ!” என்று உதறினார். கரப்பான் அவர் சட்டைக் கைக்குள் ஏறியது. அவர் குதித்து முடிப்பதற்குள் நீல ஒயருக்கு மேலே விளக்கு பச்சையாகி, படபடவென்று துடித்தது. போக வேண்டியது போய்விட்டது.

“பிடுங்கு! அதப் பிடுங்கு!”

“இனிமே பிடுங்கி என்ன அண்ணாச்சி?”

“ஏட்டி, ஒம் மொதலாளிட்ட சொல்லி ஒன்ன…”

அதற்குள் அவருடைய போன் அடித்தது. பெயரைப் பார்த்தார். கோயம்புத்தூர். பழச்சாறு வழிகிற கையை வேட்டியில் துடைத்துவிட்டுப் போனைக் காதில் வைத்தார். அந்தப் பக்கம் ஒரு ஆள் சத்தம் போடுவது அனுசியாவுக்கே கேட்டது.

ராக்கப்பன் ஒரு மூச்சு இழுத்தார்.

“ஆமாங்க சார்! ஆமாங்க! நாங்களே பாத்துட்டோம் சார். நேத்து ஓட்டுனது வேகல. அதான் லாரியில ஏத்தாம அப்பிடியே நிறுத்தி வச்சிருக்கேன். பொதியெல்லாம் பிரிச்சு மறுபடியும் ஓட்டுதோம்… பின்ன என்ன சார், எதுக்குப் புது சாப்ட்வேர் போட்டோம்? இதுக்குத்தான! நம்மகிட்ட ஒரு பொண்ணு இருக்கு சார், தங்கம். நாந்தான் பக்கத்துலயே இருந்து செய்யச் சொன்னேன்.”

போனை வைத்தார். அவளைப் பார்த்துச் சிரித்தார். வெட்கப்படுகிற சிரிப்பாக இருந்தால்கூட மன்னிக்கலாம்.

“எல்லாம் நல்லதுக்குத்தாம்மா. சாமி கண்ணத் தொறந்துருச்சு.”

பேக்கிங் கூடத்தில் செய்தி பரவியது. டேப்பைக் கிழித்து, புதுசாக ஒட்டி, பொதியைத் திரும்பச் சுமந்து அடுக்க வேண்டும். பெண்கள் அனுசியாவைத் திட்டித் தீர்த்தார்கள்.

“ஒனக்கென்னட்டி, பஸ் ஏறிப் போயிருவ!” என்று கத்தினாள் வெள்ளைத்தாய். “காலையில இருந்து கோடு போட்டு விரலு வெளங்காமப் போச்சு. இப்ப அம்புட்டையும் பிய்க்கணும். சொல்லுததுதான் சொன்ன, காலையிலயே வந்து சொல்லித் தொலைச்சிருக்கப் படாதா?”

“நீங்கதானக்கா சொல்லச் சொன்னீக?”

“சொல்லத்தான் சொன்னேன். செய்யச் சொன்னேனா?”

தங்கபாய் தும்மிக்கொண்டே சிரித்தாள்.

லாரிக்காரன் வந்து, சரக்கு இல்லை என்று தெரிந்து, வாயில் வந்ததைப் பேசிவிட்டு வெறும் வண்டியோடு போனான். பாய்லர் சூடேறியது. ஆட்டோகிளேவின் கனத்த கதவு மூடிக்கொண்டது. அனுசியாவின் போன் அடித்தது. வேதமணி.

“ஏம்மா அனுசியா! ராக்கப்பன் இப்பத்தான் பேசுனாவ. ஒன்னய அப்பிடிப் புகழ்ந்து தள்ளுதாவ. நான் அப்பமே சொன்னேன்ல, மனசாட்சிப்படி செய்யின்னு? வருசம் பூரா அங்க மெயின்டெனன்ஸ் நமக்குத்தானாம். மாசா மாசம் நீதான் போகணும். சரியா?”

அவள் போனை அணைத்தாள். வேலை போயிருந்தால் அழுதுவிட்டுப் போயிருக்கலாம். கையில் நிற்கிற இந்த வேலையை எங்கே வைத்துத் துடைப்பது என்று தெரியவில்லை.

மடிக்கணினியைப் பைக்குள் வைத்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் வெளியே ஹாரன் அடித்துவிட்டுப் போவது கேட்டது. அடுத்த பஸ்ஸும் போனது. அவள் ஆட்டோகிளேவுக்கு எதிரே சாக்கைப் போட்டு உட்கார்ந்து, சூடு காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முள் மேலே ஏறி, அங்கேயே நின்று, பிறகு மெதுவாக இறங்கியது.

கதவு திறந்தது. வெந்த துணியின் சூடான வாடை முகத்தில் அடித்தது. ராக்கப்பன் முந்திக்கொண்டு ஒரு பொதியை எடுத்து நீட்டினார்.

“பாத்துக்கோ. நல்லா வெந்துருச்சு. கோடு விழுந்துருக்கு.”

அவர் நீட்டியதை அவள் வாங்கவில்லை. உள்ளே கையை விட்டு, அடி வரிசையிலிருந்து ஒன்றை உருவினாள். சூடு விரலைச் சுட்டது. டேப்பில் கறுப்புக் கோடுகள் இருந்தன. கட்டைவிரலை நாக்கில் வைத்து நனைத்து, கோட்டின் மேல் அழுத்தித் தேய்த்தாள். விரலைத் திருப்பிப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது.

“எம் மேல நம்பிக்கை இல்லியாம்மா?” என்றார் ராக்கப்பன்.

“இல்ல அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு, அடுத்த பொதியை உருவினாள்.